அத்தை வைத்த மை

கனகலட்சுமி அக்காவைப் பற்றி எங்கள் தெருவில் கேட்டால் முதலில் அவளுடைய வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். அந்த வாய்க்கு முன்னால் நிற்க முடியாது என்பார்கள். அடுத்து, அவள் அரைக்கும் மாவு நல்ல மாவு என்பார்கள். அதற்கப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்றையும் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். தம்பி பிள்ளைக்கு மை வைத்துக் கண்ணையே கெடுக்கப் பார்த்தவளாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெஸி. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு டீச்சர். சமயநல்லூரில் அக்காவின் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். கீழே கிரைண்டர் ஓடும் சத்தத்தில்தான் எனக்குத் தினமும் விடியும். அரைத்த மாவைத் தூக்குகளில் நிரப்பி, பழைய டி.வி.எஸ் வண்டியில் கட்டிக்கொண்டு, டிபன் கடைகளுக்கும் வீடுகளுக்கும் போட்டுவிட்டு வருவாள். கணவர் சின்னச்சாமி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மாதத்துக்கு ஒரு தரம் வந்துபோவார். பிள்ளைகள் இல்லை. சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட்டதால் தம்பி அருள்பாண்டியை வளர்த்தது அவள்தான். படிக்க வைத்து, ஒத்தக்கடையில் செல்போன் கடை வைத்துக் கொடுத்து, கீழக்குயில்குடியில் பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் அவள்தான்.

அவளுடைய கோபம் எப்படிப்பட்டது என்று ஒன்று சொல்கிறேன். டிபன் கடைக்காரர் ஒருவர், மாவு புளித்துப்போய்விட்டது என்று பொய் சொல்லித் தூக்கைத் திருப்பி அனுப்பினார். அக்கா அதே தூக்கோடு அவர் கடைக்குப் போனாள். ஜனம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். யாரையும் கேட்கவில்லை. அவருடைய கல்லில் அவளே தோசையை ஊற்றி, எடுத்து, பிய்த்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் இலையில் ஆளுக்கொரு விள்ளல் வைத்தாள். "புளிக்குதா, நீங்களே சொல்லுங்க" என்றாள். யாரும் புளிக்கிறது என்று சொல்லவில்லை. கடைக்காரர் இன்றைக்கும் அவளிடம்தான் மாவு வாங்குகிறார்.

அருள்பாண்டியின் மனைவி திவ்யாவுக்குத் தாய் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் போக அம்மா வீடு என்று ஒன்று இல்லாததால் அக்காவே அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாத்தனார் வீட்டில் பிரசவம் பார்ப்பது எங்கேயும் இல்லாத வழக்கம் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "அப்ப நீங்க வந்து பாருங்க" என்றாள் அக்கா. அதோடு முணுமுணுப்பு நின்றது. ஆண் குழந்தை. சுகப் பிரசவம். திவ்யா ரொம்பப் பேசாத பெண். கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காததைச் சொல்ல மாட்டாள்.

அவர்கள் வழக்கத்தில் பிள்ளையைத் தொட்டிலில் போடும் நாளன்று அத்தைதான் காதில் பெயர் சொல்லி, கண்ணில் முதல் மை தீட்ட வேண்டும். தகப்பனின் உடன்பிறந்தவளுக்கு உள்ள உரிமை அது. கடை மையெல்லாம் அக்காவுக்கு ஆகாது. கரிசலாங்கண்ணிச் சாற்றைப் பித்தளைத் தட்டில் தடவிக் காயவைத்து, விளக்கெண்ணெய் விளக்கின் மேல் கவிழ்த்து, படிந்த கரியை வழித்து, துளி எண்ணெய் விட்டுக் குழைத்தாள். அதற்கு முன்பே நான் சொன்னேன், "நெத்தியிலயும் கன்னத்துலயும் வைங்கக்கா, கண்ணுக்குள்ள வேணாம், இப்பல்லாம் டாக்டருங்க கூடாதுன்னு சொல்றாங்க" என்று. "உங்க ஆளுக சொல்லுவீக டீச்சர். எங்க வீட்டுல வச்சு வளந்த கண்ணு ஒண்ணும் கெட்டுப் போகல" என்றாள். சித்தார்த் என்று காதில் மூன்று தரம் சொல்லி, மோதிர விரலால் இரண்டு கண்ணிலும் இழுத்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு.

மறுநாள் காலையில் பிள்ளையின் கண் திறக்கவில்லை. இமை இரண்டும் வீங்கி, ஓரமெல்லாம் மஞ்சளாகச் சீழ் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் உள்ளிருந்து இன்னும் வந்தது. நான் படி இறங்கிப் போவதற்குள் அருள்பாண்டி ஒத்தக்கடையிலிருந்து பைக்கில் வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"என்னத்தக்கா வச்ச எம்புள்ள கண்ணுல?"

அக்கா நனைத்த பஞ்சைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் பதில் சொல்லாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். எனக்கு அன்று பள்ளிக்கூடம், நான் போகவில்லை. என்ன நடந்தது என்பதை அக்கா வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். டாக்டர் பிள்ளையைத் தூரத்திலிருந்தே பார்த்தார். கண்ணோரத்தில் கறுப்பு இருந்தது.

"மை வச்சீங்களா?"

"வச்சோம் சார்."

"யார் வச்சது?"

"நாந்தேன் சார். அத்தைக்காரி."

அவ்வளவுதான். அதற்குமேல் அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாதா? கண்ணு போனா நீங்க குடுப்பீங்களா?" என்று, வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சத்தம் போட்டார். அதன் பிறகு ஒரு சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்து, மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பிள்ளைக் கண்ணில் மை வைக்கக்கூடாதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் திட்டிவிட்டால் வைத்தியம் முடிந்துபோனதா? குற்றவாளி கையில் கிடைத்துவிட்டாள் என்றதும் கேள்வியை நிறுத்திவிட்டார் அந்த மனிதர். கண் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. இமையை விலக்கிப் பார்க்கவில்லை. படிக்காத பொம்பளை, மை வைத்திருக்கிறாள், கதை முடிந்தது. நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ, எனக்கே தெரியாது.

அக்கா வீட்டுக்கு வந்ததும் மைச் சிமிழை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் எறிந்தாள். பித்தளைத் தட்டையும் எறிந்தாள். டாக்டர் சொன்னதை அவள் முழுதாக நம்பினாள். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். கையை ஒவ்வொரு தரமும் சோப்புப் போட்டுக் கழுவினாள். சாப்பாடு இறங்கவில்லை. கிரைண்டரைத் திட்டினாள், உளுந்தைத் திட்டினாள், மாவு கேட்டு வந்தவர்களிடம் எரிந்து விழுந்தாள். யார்மேல் கோபம் என்று எல்லோருக்கும் தெரியும். தன்மேல்தான்.

நாட்கள் போயின. கண் சரியாகவில்லை. சொட்டு விட்டதும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், மறுநாள் காலையில் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை வெளிச்சத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அருள்பாண்டி தினமும் சாயங்காலம் வந்து ஒரு பாட்டம் கத்திவிட்டுப் போனான். தெருவில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "பிள்ளை பெறாதவ கையால மை வைக்கலாமா" என்று ஒருத்தி கேட்டாளாம். அந்த வார்த்தையை எழுதக் கூட எனக்குக் கை கூசுகிறது. கேட்டவள் பெயரும் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அக்கா மாடிக்கு வந்தாள்.

"டீச்சர், எனக்கு ஒண்ணு வெளங்கல. மைதான் காரணம்னா, மை போயி இம்புட்டு நாளாச்சுல்ல. அப்ப கண்ணு சரியாகணுமா இல்லையா?"

"ஆகணும்க்கா."

"ஆகலையே. நாளைக்கு டவுனுக்குப் போறேன். நீங்களும் வாறீகளா?"

காலாண்டு விடுமுறை விட்டிருந்தது. போனேன். மதுரையில் பெயர் பெற்ற குழந்தை டாக்டர் ஒருவர். கூட்டமோ கூட்டம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு திவ்யா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் முறை வந்து உள்ளே போனோம். டாக்டர் எங்கள் பக்கம் பார்ப்பதற்கு முன்பே பழைய சீட்டைக் கையில் வாங்கிப் படித்தார்.

"மை வச்சிருக்கீங்க போல."

மறுபடியும் அதே மை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், அது துடைச்சு ரொம்ப நாளாச்சு. இன்னும் சீழ் வருது" என்றேன்.

"அப்போ கண்ணீர் போற குழாய்ல அடைப்பு இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு வர்றதுதான். மூக்கோரமா தடவி விடுங்க. வேற சொட்டு எழுதுறேன்."

எழுதிக்கொண்டே சொன்னார். கை எழுதுகிறது, வாய் சொல்கிறது, கண் மட்டும் பிள்ளையின் மேல் இல்லை. சீட்டைக் கிழித்து நீட்டினார். திவ்யா எழுந்துவிட்டாள். நானும் எழுந்துவிட்டேன். அக்கா எழவில்லை.

"அவ்வளவுதாம்மா" என்றார் டாக்டர்.

"கண்ணத் தொறந்து பாக்கலையே சார்."

"பார்த்தாச்சும்மா. நெக்ஸ்ட் ஆள் வரணும்."

"எங்க சார் பாத்தீக? சீட்டத்தான் பாத்தீக. எமையத் தூக்கி உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. பாத்துட்டு என்ன வேணாலும் திட்டுங்க, கேட்டுக்கிறேன். பாக்காம நான் இந்த நாக்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. நர்ஸ் வந்து அக்காவின் தோளைத் தொட்டாள். "தொடாத தாயி" என்றாள் அக்கா, சத்தம் போடாமல். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். இன்னும் எம்புட்டு நேரம் என்று ஒருவர் கேட்டார். "உங்க புள்ளைக்கும் இப்பிடித்தேன் சீட்டப் பாத்து மருந்து குடுப்பாரு, பரவாயில்லையா?" என்று அக்கா திரும்பிக் கேட்டாள். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நான் என் வாழ்க்கையில் எத்தனையோ டாக்டர் அறைகளிலிருந்து வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறேன். படித்தவள், நாசூக்குத் தெரிந்தவள் அல்லவா. அந்த நாசூக்கெல்லாம் எதற்கு ஆகும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

கடைசியில் டாக்டர் நாற்காலியைச் சரக்கென்று தள்ளிக்கொண்டு எழுந்து வந்தார். திவ்யாவின் கையிலிருந்த பிள்ளையின் இமையை விரலால் மேலே தூக்கி, டார்ச் அடித்தார். உள்பக்கம் பச்சை இறைச்சி மாதிரி சிவந்து தடித்திருந்தது. விரல் பட்ட இடத்தில் ரத்தம் கசிந்தது. இன்னொரு கண்ணையும் பார்த்தார். எழுதிக் கொடுத்த சீட்டை எங்களிடமிருந்து வாங்கிக் கசக்கிவிட்டு, புதிதாக ஒன்று எழுதினார்.

"இதை உடனே கண் டாக்டர் பார்க்கணும். இன்னிக்கே போங்க. லேட் பண்ணாதீங்க."

லேட் பண்ணாதீர்களாம். யாருக்கு யார் சொல்வது. வெளியே வந்ததும் ஆட்டோ பிடித்தோம்.

கண் ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர். முதலில் பிள்ளையை வாங்கி, வெளிச்சத்தில் வைத்து, இரண்டு கண்ணையும் நிதானமாகப் பார்த்தார். நோய் கருவிழி வரைக்கும் இன்னும் பரவவில்லை என்றார். அக்கா வழக்கம்போல் முந்திக்கொண்டு, "நாந்தேன் மேடம் மை வச்சேன், அன்னையிலருந்து..." என்று ஆரம்பித்தாள்.

டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "கொஞ்சம் இருங்கம்மா. குழந்தையோட அம்மா சொல்லட்டும். எப்பலேருந்து கண்ணு இப்படி இருக்கு?"

திவ்யா அக்காவைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பொறந்து ஒரு வாரத்துல இருந்தே காலையில எமை ஒட்டும் மேடம். பால் விட்டுத் தொடச்சா விட்டுரும். சின்னப் புள்ளைக்கு இப்பிடித்தான் இருக்கும் போலன்னு நெனச்சேன்."

"மை வைக்கிறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதான் மேடம்."

அக்கா அப்படியே திரும்பினாள். "ஏன்டி, அப்ப என் மையால வரலையா? நான் சோறு தண்ணியில்லாம சாகுறேன், நீ வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு இருந்தியாடி?"

"அந்த டாக்டரு கேட்டப்ப நீங்கதான மதினி பதில் சொன்னீக. அவுக வந்து கத்தயில நான் எங்கிட்டுப் பேச."

அவுக என்றது அருள்பாண்டியை.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். பிள்ளை இருமுகிறானா என்று. ஆமாம், இரண்டு மூன்று நாளாக விட்டுவிட்டு இருமுகிறான் என்றாள் திவ்யா. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பஞ்சுக் குச்சியால் இமைக்குள்ளிருந்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வாயால் குடிக்கும் மருந்து ஒன்றை அன்றே ஆரம்பிக்கச் சொன்னார். மறுநாள் வந்து முடிவைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்.

மறுநாள் திவ்யாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். திவ்யா அக்காவின் கையை விடவில்லை, அக்கா என் கையை விடவில்லை. மூவருமே போனோம். "இவங்க இருக்கலாமா?" என்று டாக்டர் கேட்டார். திவ்யா தலையசைத்தாள்.

"இது மையால வந்தது இல்ல. ஒரு கிருமி. அம்மா உடம்புல இருந்திருக்கு, பிரசவத்தப்போ குழந்தை கண்ணுக்குள்ள போயிருக்கு. உங்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரிஞ்சிருக்காது, நிறையப் பேருக்குத் தெரியாது. சொட்டு மருந்து மட்டும் இதுக்குப் பத்தாது. இப்படியே விட்டிருந்தா கண்ணுல தழும்பு விழுந்து பார்வை மங்கிடும், நெஞ்சுலயும் சளி கட்டும். நான் குடுத்த மருந்தை ஒரு வேளை கூட விடாம முழுசாக் குடுங்க. நீங்களும் மாத்திரை சாப்பிடணும். உங்க வீட்டுக்காரரும் சாப்பிடணும்."

"அவுகளும் எதுக்கு?" என்றாள் திவ்யா.

"கணவன் மனைவிக்குள்ள பரவுற கிருமி. ஒருத்தர் மட்டும் சாப்பிட்டா திரும்ப வந்துரும். யார்கிட்ட இருந்து யாருக்கு வந்ததுன்னு என்னால சொல்ல முடியாது, எத்தனை வருஷமா இருக்குன்னும் சொல்ல முடியாது. அதைத் தேடாதீங்க. மாத்திரையைச் சாப்பிடுங்க, போதும்."

பஸ்ஸில் திவ்யா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அக்காவின் மேல் இருந்த பழி தீர்ந்தது என்று நினைத்தேன். நான் ஒரு மடச்சி.

அக்கா போனில் தம்பிக்குச் சொன்னாள். மத்தியானமே அவன் ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"துணிமணிய எடு" என்றான் திவ்யாவிடம். "ஒத்தக்கடைக்குப் போறோம்."

"புள்ளைக்கு மருந்து ஓடுதுடா" என்றாள் அக்கா.

"அந்த மருந்து ஒண்ணும் வேணாம். நேத்துப் படிச்சு முடிச்ச பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்? மொதல்ல பாத்த டாக்டரு சரியாத்தான சொன்னாரு. மைதான். நான் அவர்ட்டயே காட்டிக்கிறேன்."

"கேட்டுக்கடா. புள்ளைக்குப் பார்வை மங்கிப்போகும்னு சொல்லிருக்காக."

"எனக்கு நோயின்னும்ல சொல்லிருக்கா. நான் நல்லாத்தான இருக்கேன்? எனக்கு எங்கிட்டு இருந்து வரும்?" என்று சொல்லிவிட்டுத் திவ்யாவைப் பார்த்தான். அந்தப் பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்து, மாடிப்படியில் நின்றிருந்த எனக்கு இறங்கிப் போய் அவனை அறையலாமா என்று இருந்தது. திவ்யா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள்.

அக்கா வாசலை மறித்து நின்றாள். "அவளப் பாக்காத. என்னப் பாரு. யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு கேக்காதீகன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. நானும் கேக்கல. நீயும் கேக்காத. புள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த வாசலத் தாண்டுன, நான் வளத்த தம்பின்னு கூடப் பாக்க மாட்டேன்."

"அப்ப ஊருக்கு நான் என்ன பதில் சொல்றதுக்கா? சொந்தக்காரன் அம்புட்டுப் பேரும் கேக்குறான், கண்ணுக்கு என்னன்னு. இன்னதுனால வந்துச்சுன்னு சொல்லிட்டு நான் கடையில உக்கார முடியுமா?"

அவன் குரல் உடைந்துவிட்டது. ஆட்டோக்காரர் எதற்கு வம்பு என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மைன்னு சொல்லிக்க" என்றாள்.

"என்னது?"

"அக்கா வச்ச மைன்னு சொல்லிக்கடா. எவன் கேட்டாலும் சொல்லு. என்கிட்ட வந்து கேட்டா நானும் ஆமான்னு சொல்றேன். நீ மாத்திரைய முழுங்கு. புள்ள இங்கயே இருந்து மருந்த முழுசாக் குடிக்கட்டும். அம்புட்டுத்தான்."

அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்தாள். அவன் வாங்கி விழுங்கினான். "வாயத் தொற" என்றாள். அவ்வளவு பெரிய ஆள், கடை முதலாளி, வாயைத் திறந்து காட்டினான். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்த்துவிட்டுத்தான் வழியை விட்டாள்.

அன்று சாயங்காலம் நான் அவளோடு சண்டை போட்டேன். "ஏன்க்கா, செய்யாத தப்ப எதுக்குத் தலையில தூக்கி வச்சுக்கிறீங்க? அவனுக்குப் பயம்னா அவன் படட்டும்" என்றேன். "டீச்சர், பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது. கண்ணு போனா எந்தக் கடையில வாங்க?" என்றாள். அதற்குமேல் பேச விடவில்லை.

கண் தெளிந்தது. சீழ் நின்று, வீக்கம் வடிந்து, இருமலும் போயிற்று. மறுபடி காட்டப் போனபோது டாக்டர் டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். சித்தார்த் அதன் பின்னாலேயே கண்ணை ஓட்டினான். திவ்யா அங்கேயே அழுதுவிட்டாள்.

ஆனால் அக்கா எடுத்துக்கொடுத்த சொல்லை அருள்பாண்டி நன்றாகப் பிடித்துக்கொண்டான். கேட்டவர்களுக்கெல்லாம் மை என்றான். கேட்காதவர்களுக்கும் சொன்னான். அக்காவின் மாவை வாங்குவதைச் சில வீடுகள் நிறுத்தின. அந்தக் கையால் அரைத்த மாவு என்று பேச்சு. தோசைக்கல்லில் தன் மாவை ஊற்றிக் கடைக்காரனைச் சந்தி சிரிக்க வைத்தவள், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. நான் திறக்கப் போனபோதெல்லாம் தடுத்தாள்.

வருஷம் திரும்புவதற்குள் காதுகுத்து வைத்தார்கள். கீழக்குயில்குடியில், மலையடிவாரத்தில், திவ்யா பிறந்த வீட்டுக் குலதெய்வக் கோவிலில். அக்கா முதல் நாளே மாவும் பருப்பும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சமையல்காரர்களோடு நின்று வேலை பார்த்தாள். மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார்த்தி, காது குத்தினார்கள். பிள்ளை வீறிட்டு அழுதான். கையை நீட்டியது அக்காவை நோக்கித்தான். அவளிடம் வளர்ந்த பிள்ளை அல்லவா. அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கப் போனாள்.

நடுவில் தங்கப்பொண்ணு வந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். அருள்பாண்டிக்குச் சித்தி முறை.

"நீ தொடாத கனகு. ஒரு தடவ தொட்டுப் பட்டது போதாதா? நல்ல நாளும் அதுவுமா, பெறாதவ கை என்னத்துக்கு."

அக்காவின் கை அப்படியே கீழே இறங்கிவிட்டது. அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் பந்தல்காரரிடம் என்னவோ கேட்க வேண்டியிருந்தது போலத் திரும்பிக்கொண்டான். நான் பேச வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

"சின்னத்தே, புள்ளைய மதினிகிட்ட குடுங்க" என்றாள் திவ்யா.

"நீ சும்மா இரு திவ்யா. அவ வச்ச மையாலதான் கண்ணே..."

"மையால வரல. எனக்கும் உங்க மகனுக்கும் உடம்புல இருந்த கிருமி அது. பொறக்கயில என்கிட்ட இருந்து புள்ளைக்கு வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் மாத்திரை தின்னோம். மதினி அந்த டாக்டரு முன்னால எந்திரிக்காம உக்காந்திருக்கலன்னா இவனுக்கு இன்னைக்குப் பார்வை இருந்திருக்காது."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பந்தலுக்குள் இருந்த எல்லோருக்கும் கேட்டது. இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். "ஏய்" என்றான் அருள்பாண்டி. திவ்யா அவன் பக்கம் திரும்பவே இல்லை. தங்கப்பொண்ணுவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி அக்காவின் கையில் வைத்தாள்.

அக்காவுக்கு வந்ததே கோபம்.

"அறிவிருக்காடி உனக்கு? இம்புட்டுச் சனத்துக்கு நடுவுல இதையாடி சொல்லுவ? நாளையிலருந்து உன் பேரத்தானடி தெருத்தெருவா இழுப்பாளுக. நான் இத்தன நாளும் பொத்திப் பொத்தி வச்சது எதுக்குடி? எவ கேட்டா உன்ன?"

"இழுக்கட்டும் மதினி" என்றாள் திவ்யா. "நான் பாத்துக்கிறேன்."

அக்கா திட்டுவதை நிறுத்தவில்லை. திட்டிக்கொண்டே பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள், திட்டிக்கொண்டே காதில் கசிந்த ரத்தத்தை முந்தானையால் ஒற்றினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்கக் கை இல்லை. சித்தார்த் அழுகையை நிறுத்திவிட்டு, அவளுடைய தோளுக்கு மேலாக எங்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.